தாழ்ப்பாள்களுக்குத் துரு எடுத்த வழக்கு

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒரே ஒரு வாக்கியத்தோடு போனார். பெரிய வாக்கியம் இல்லை; மூச்சு விடாமல் சொல்லி முடித்துவிடலாம். அவருடைய அக்கா, கொலையுண்ட அன்று மத்தியானம், தொலைபேசியில் சிரித்துக்கொண்டே சொன்னது:

"பொறுமை இன்னிக்கு வீட்டுத் தாழ்ப்பாளை எல்லாம் கழட்டி மண்ணெண்ணெயில ஊறப்போட்டிருக்கான்டா. எப்ப மாட்டுவேன்னு கேட்டா, நாளைக்கு உங்களுக்குத் தேவைப்படாதும்மாங்கிறான்."

பொறுமை என்பது அந்த வீட்டுச் சமையல்காரன். யார் என்ன சொன்னாலும் குரலை உயர்த்தாமல் தலையை ஆட்டிக்கொண்டு போய்விடுவான் என்பதால் அக்காதான் அவனுக்கு அந்தப் பெயரை வைத்தாள். முந்தின நாள் சாப்பாட்டு மேஜையில், சூப்பில் உப்புக் கூடிவிட்டது என்று அத்தான் சொல்லியிருந்தார். அதற்கும் பொறுமை தலையைத்தான் ஆட்டினான். மறுநாள் தாழ்ப்பாள்களைத் தட்டிக் கழற்றினான். அன்றிரவு அதே சுத்தியலோடு, தாழ்ப்பாள் இல்லாத படுக்கையறைக்குள் போனான். பிறகு சுத்தியலைக் கழுவித் துடைத்து அதன் ஆணியில் மாட்டிவிட்டு, காலைச் சாப்பாட்டுக்கு இரண்டு தட்டுகள் எடுத்து வைத்தான். போலீஸ் வந்தபோது முட்டை வெந்துகொண்டிருந்தது.

கீழ்க்கோர்ட்டு அவனுக்கு ஆயுள் முழுக்கச் சிறை என்றது. அக்கா சொன்ன வாக்கியம் அந்த விசாரணையிலேயே வந்திருக்க வேண்டும். "சாட்சி வழிஞ்சு கிடக்குதுங்க, இதுவேற எதுக்கு?" என்று இன்ஸ்பெக்டர் அதை எழுதாமல் விட்டுவிட்டார். இப்போது மேல்முறையீட்டில் சமையல்காரன் தரப்பு ஒரே ஒரு கேள்வியைத்தான் கிளப்பியிருந்தது. தாழ்ப்பாள்களைக் கழற்றியது கொலைக்கான ஏற்பாடு இல்லை, வீட்டுப் பராமரிப்பு. கொலை உப்புப் பேச்சால் வந்த திடீர்க் கோபம். ஆகவே தண்டனையைக் குறைக்க வேண்டும். இதற்குப் பதில் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. அதை மூன்று நீதிபதிகளில் ஒருவர் காது கொடுத்துக் கேட்டால் போதும். கண்ணாடிக்கடைக்காரருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"என்னத்துக்குப் போறீங்க? நீங்க போனா செத்தவங்க எழுந்து வரப்போறாங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"வரமாட்டாங்க. அதனாலதான் நான் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

நீதிமன்ற அறை உயரமாக இருந்தது. சத்தம் மேலே போய்ச் சுற்றிவிட்டு அர்த்தம் தேய்ந்து கீழே வரும்படி கட்டியிருந்தார்கள். மேடையில் மூன்று நாற்காலிகள். ஒவ்வொரு நாற்காலியையும் பின்னால் இழுத்துப் பிடிக்க ஒரு டவாலி, நீதிபதி உட்காரும்போது முன்னால் தள்ள ஒரு டவாலி. இழுக்கிறவர் தள்ளக் கூடாது. அப்படித் தள்ளிய ஒருவர்மேல் இன்னும் விசாரணை நடக்கிறது என்று வாசலில் நின்ற தலைமை டவாலி சொன்னார். இவர் முகத்தைப் பார்த்ததும் அந்த டவாலிக்கு இரக்கம் வந்துவிட்டது.

"செத்தவங்களோட சொந்தமா?"

"தம்பிங்க."

"அப்ப முகத்தை இப்படி வெச்சுக்காதீங்க. சொந்தக்காரங்க முகம் நீதிபதிங்க மனசைக் கலைச்சிடும்னு ஒரு உத்தரவு இருக்கு. போன வருஷம் ஒரு அம்மா மூக்கை உறிஞ்சினாங்க. வழக்கு மறுபடி முதல்லயிருந்து ஆரம்பிச்சுது."

"எப்படி வெச்சுக்கணும்?"

"பேங்க்ல டோக்கன் வாங்கிட்டு உக்காந்திருப்பீங்கல்ல, அப்படி."

கண்ணாடிக்கடைக்காரர் முகத்தை அப்படி வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தார். சமையல்காரன் கூண்டுக்குள் நாற்காலியில் இருந்தான். முதுகுவலி என்று மருத்துவச் சான்று கொடுத்திருந்ததால் நாற்காலிக்கு மெத்தையும் போட்டிருந்தார்கள். அவன் இவரைப் பார்த்ததும், வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்த்ததுபோல, லேசாக எழுந்து தலையாட்டிவிட்டு உட்கார்ந்தான்.

அவனுக்காக வாதாடியவருக்கு வக்கீல்கள் நடுவே 'உருக்கம்' என்று பெயர். வாதம் தொடங்குவதற்கு முன்னாலேயே கைக்குட்டையை மேஜைமேல் விரித்து வைத்துக்கொள்வார். அரசு வக்கீல் எதிர் மேஜையில் உட்கார்ந்து, வேறொரு வழக்கின் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். அது வேறு வழக்கு என்பது அவருக்குச் சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகுதான் தெரிந்தது.

"ஒரு சிறிய தாழ்ப்பாளைக் கண்முன் கொண்டுவாருங்கள், கனம் நீதிபதிகளே" என்றார் உருக்கம். "அது துருப்பிடித்திருக்கிறது. அந்த வீட்டு எஜமானருக்கு அது தெரியவில்லை. எஜமானிக்கும் தெரியவில்லை. தெரிந்தது யாருக்கு? இதோ, இந்த எளியவருக்கு. ஓய்வெடுக்க வேண்டிய மத்தியான வேளையில் இவர் என்ன செய்தார்? துரு எடுத்தார்." கைக்குட்டை கண்ணுக்குப் போயிற்று. "துரு எடுத்த கையையா நாம் சந்தேகப்படுகிறோம்?"

இடதுபக்க நீதிபதி தூக்கத்திலிருந்து விழித்து, எந்த மாதிரியான துரு என்று கேட்டார். வலதுபக்க நீதிபதி, தலைமை நீதிபதி எந்தப் பக்கம் தலையை அசைக்கிறார் என்று பார்த்து அந்தப் பக்கம் அசைத்தார். சிவப்புத் துருவா கருப்புத் துருவா என்று சாப்பாட்டு வேளை வரைக்கும் வாதம் நடந்தது. செத்த இருவரின் பேச்சு அதுவரை வரவில்லை.

கண்ணாடிக்கடைக்காரர் எழுந்தார். எழுந்துவிடுவோம் என்று அவருக்கே தெரியாது.

"ஐயா, அந்தத் தாழ்ப்பாளைப் பத்தி எங்க அக்கா எங்கிட்ட ஒண்ணு சொன்னாங்க."

அறையில் பேனாக்கள் எல்லாம் நின்றன. தலைமை நீதிபதி மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு பார்த்தார். அந்தக் கண்ணாடிச் சட்டம் அவர் மூக்குக்குப் பெரிது, வலது காதுப்பக்கம் தளர்ந்திருக்கிறது என்பது கண்ணாடிக்கடைக்காரருக்கு அந்த நிலையிலும் தெரிந்தது. பழக்கதோஷம்.

"நீர் யார்?"

"செத்தவங்களோட தம்பி."

"இந்த வழக்கில் அரசு ஒரு தரப்பு. மேல்முறையீடு செய்தவர் ஒரு தரப்பு. நீர் எந்தத் தரப்பு?"

"செத்தவங்க தரப்பு ஐயா."

"அப்படி ஒரு தரப்பு சட்டத்தில் இல்லை" என்றார் தலைமை நீதிபதி. "உட்காரும். இந்த நீதிமன்றம் யாருடைய கண்ணீரையும் பார்ப்பதில்லை. பார்க்க ஆரம்பித்தால் எங்களுக்கு வேலை செய்ய நேரம் இருக்காது."

டவாலி வந்து தோளைத் தொட்டு உட்காரவைத்தார். அன்றைய நடவடிக்கைக் குறிப்பில் அவரைப் பற்றி ஒரு வரி பதிவாயிற்று: 'பார்வையாளர் பகுதியில் ஒரு சத்தம் எழுந்தது, அது அடக்கப்பட்டது.'

அடுத்த கட்டமாக நீதிபதிகள் சம்பவ இடத்தை நேரில் பார்க்கத் தீர்மானித்தார்கள். அக்கா வீட்டின் சாவி கண்ணாடிக்கடைக்காரரிடம்தான் இருந்தது. சாவியைக் கொண்டுவரும்படி அவருக்கு உத்தரவு வந்தது. கொண்டுபோனார். சாவியை வாங்கிக்கொண்டு அவரைக் கேட்டுக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். சாவி வழக்குக்குத் தேவை, அவர் தேவையில்லை.

மூன்று கார்கள் வந்தன. நான்காவதாக வந்த வண்டியில் நீதிபதிகளின் நாற்காலிகளும் அவற்றை இழுக்கிறவர்களும் தள்ளுகிறவர்களும் இறங்கினார்கள். கடைசியில் போலீஸ் வேனிலிருந்து பொறுமை இறங்கினான். கையில் விலங்கு. வாசல் மிதியடி கோணலாகக் கிடந்ததைப் பார்த்து, காலால் நேராக்கிவிட்டு உள்ளே போனான்.

என்ன நடந்தது என்பதை டவாலி வந்து வந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

"படுக்கை ரூமைப் பாத்தாச்சு. சுவத்துல இருக்கிறது ரத்தமா, பெயிண்டான்னு பேசிக்கிட்டிருக்காங்க. தலைவருக்குத் தொண்டை வறண்டு போச்சாம்."

பிறகு: "உங்க ஆளு, நான் வேணா டீ போடட்டுமான்னு கேட்டான்."

"விலங்கோடவா?"

"டீ போடற காரியத்துக்கு மட்டும் விலங்கை நீக்கலாம்னு உத்தரவு போட்டாச்சு. எழுத்துல."

ஜன்னல் வழியாக, பாத்திரங்கள் அலமாரியிலிருந்து இறங்கும் சத்தம் கேட்டது. எந்த அலமாரி என்பது கண்ணாடிக்கடைக்காரருக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. மேல்தட்டு. விருந்தாளிகளுக்கு மட்டும் அக்கா எடுக்கிற நீலப்பூப் போட்ட கோப்பைகள். அவளுக்கே அதில் குடிக்க மனசு வராது, உடைந்துவிடும் என்பாள்.

கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தை டோக்கன் வாங்கினவர்போல வைத்துக்கொண்டார். நன்றாகப் பழகிவிட்டிருந்தது.

நீதிபதிகள் வெளியே வரும்போது தலைமை நீதிபதி உதட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "முப்பது வருஷ அனுபவத்தில் சொல்கிறேன். இப்படி ஒரு டீயைப் போடுகிறவன் மனசில் திட்டம் என்று ஒன்று இருக்க முடியாது." வலதுபக்க நீதிபதி இரண்டு முறை தலையை அசைத்தார், இரண்டு கோப்பை குடித்திருந்தார்.

அதற்குப் பிறகுதான் நற்சான்று விவகாரம் வந்தது. தண்டனையைக் குறைப்பதென்றால், கடைசியாக வேலை கொடுத்த எஜமானரிடமிருந்து நன்னடத்தைச் சான்று வேண்டும் என்று ஒரு விதி. கடைசியாக வேலை கொடுத்தவர்களை அவன் கொன்றுவிட்டான். இந்தச் சிக்கலை நீதிமன்றம் ஆழ்ந்து யோசித்து, எஜமானர் இல்லாதபோது அவருடைய வாரிசு சான்று கொடுக்கலாம் என்று கண்டுபிடித்தது. வாரிசு யார்? கண்ணாடிக்கடைக்காரர்.

கூப்பிட்டுக் கூண்டில் ஏற்றினார்கள். கடைசியில் வழி பிறந்துவிட்டது என்று அவர் நினைத்தார். அக்காவின் வாக்கியம் நாக்கு நுனியில் நின்றது.

"மேல்முறையீட்டாளர் நேரம் தவறாமல் வேலைக்கு வருவாரா?" என்று கேட்டார் உருக்கம்.

"வருவான். ஆனா—"

"ஆனாவை நீக்கவும்" என்றார் தலைமை நீதிபதி. குமாஸ்தா அந்தச் சொல்லை அடித்தார்.

"சமையல் நன்றாக இருக்குமா?"

"இருக்கும். ஆனா ஐயா, அன்னிக்கு மத்தியானம் எங்க அக்கா போன்ல—"

"ஆனா முதல் போன் வரை நீக்கவும். சாட்சி, உம்மை அழைத்தது நற்குணங்களைச் சொல்வதற்கு. மற்றதைச் சொல்ல நீர் தரப்பு இல்லை என்று ஏற்கனவே தீர்மானித்தாயிற்று. வீட்டில் ஏதாவது பொருள் திருடியதுண்டா?"

"இல்லை."

"குடிப்பாரா?"

"இல்லை."

"வேறென்ன வேண்டும்?" என்று தலைமை நீதிபதி அறையைப் பார்த்துக் கேட்டார். "திருடவில்லை, குடிக்கவில்லை, நேரத்துக்கு வருகிறார். இந்தக் காலத்தில் இப்படி ஒருவர் கிடைப்பாரா? என் வீட்டில் இரண்டு வருஷத்தில் நான்கு பேர் மாறிவிட்டார்கள்."

அரசு வக்கீல் எழுந்து, இந்தக் கருத்தைத் தாமும் மனமார ஆமோதிப்பதாகவும் தம் வீட்டில் ஐந்து பேர் மாறிவிட்டதாகவும் சொல்லி உட்கார்ந்தார். கண்ணாடிக்கடைக்காரர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். போடாவிட்டால் நீதிமன்ற அவமதிப்பு, ஆறு மாதம் உள்ளே இருக்கலாம், மெத்தை கிடையாது என்று டவாலி காதில் சொன்னார். போட்டார். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தார். உள்ளே ஏதோ ஒன்று அன்றைக்குக் குளிர்ந்து இறுகிவிட்டது. அதற்குப் பிறகு அது இளகவேயில்லை.

தீர்ப்பை ஒரு முழுநாள் வாசித்தார்கள். அதில் தலைமை நீதிபதிக்கே மிகவும் பிடித்த பகுதியை அவர் இரண்டு முறை வாசித்தார்:

"தாழ்ப்பாள்களைக் கழற்றித் துரு நீக்குவது பொறுப்புள்ள வேலையாளின் அடையாளமே அன்றி, குற்ற மனத்தின் அடையாளம் ஆகாது. இனி எந்த நீதிமன்றமும் இச்செயலை ஒரு வேலையாளுக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாகாது. தாழ்ப்பாள்களைக் கவனியாத இல்லத்தாரே இதில் குறை கூறத்தக்கவர்கள்."

சிறையில் கழித்த காலம் போக மிச்சத் தண்டனையை, தவறு நேர்ந்த தொழிலிலேயே திருந்தும்பொருட்டு, மதிப்புக்குரிய ஒரு குடும்பத்தில் சமையல்வேலை செய்து கழிக்க வேண்டும் என்று முடித்தார்கள். மதிப்புக்குரிய குடும்பத்தைத் தேடி நீதிமன்றம் நெடுந்தூரம் போகவில்லை. பொறுமை அன்று சாயங்காலமே தலைமை நீதிபதியின் காரில், டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் வீட்டுக்குப் போனான்.

சில மாதங்கள் கழிந்தன. ஒரு நாள் கடைக்கு ஆள் வந்தது. தலைமை நீதிபதியின் கண்ணாடி கீழே விழுந்து ஒரு லென்ஸ் விரிசல் விட்டுவிட்டது. அவர் கடைக்கெல்லாம் வருகிறவர் இல்லை. வீட்டுக்கு வந்து அளவெடுத்துப் புதுசு பொருத்த வேண்டும்.

"அந்த ஆள் மூக்குல கண்ணாடி மாட்டவா போறீங்க?" என்றாள் மனைவி. பாத்திரத்தை விளக்கிக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வேலைன்னு வந்தா செய்யணும்ல."

"செய்ங்க. தண்ணிகூடக் குடிக்காம வாங்க."

ஆள் கொண்டுவந்த பழைய சீட்டின்படி லென்ஸ் தேய்த்துப் புதுச் சட்டத்தில் மாட்டி, அளவுப்பெட்டியோடு எடுத்துக்கொண்டு போனார். மத்தியான நேரம். பெரிய வீடு. கதவுகள் எல்லாம் உயரமான, கனத்த கதவுகள். முன்னறையில் உட்காரவைத்தார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து அவர் பார்த்த முதல் பொருள், எதிர்க் கதவின் உள்பக்கத்தில், தாழ்ப்பாள் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு ஓட்டைகள். பக்கத்துக் கதவைப் பார்த்தார். அதிலும் நான்கு. ஓட்டைகளைச் சுற்றிப் பழைய பெயிண்ட் தாழ்ப்பாளின் வடிவத்தில் வெளுத்திருந்தது.

பின்கட்டில், பழைய செய்தித்தாள்மேல் ஒரு தகர டப்பா. மண்ணெண்ணெய் வாசனை.

நீதிபதியின் மனைவி வந்தார். நரைத்த தலை, எளிமையான உடை, கடைக்காரரைப் பார்த்து உட்காருங்க என்று சொல்லத் தெரிந்த அம்மாள்.

"அவர் தூங்கறார். எழுந்ததும் பாக்கலாம். டீ சாப்பிடறீங்களா?"

"வேண்டாம்மா. தாழ்ப்பாளெல்லாம் எங்கேம்மா?"

"பொறுமை கழட்டியிருக்கான், ஊறுது. இவர் அந்தத் தீர்ப்பை எழுதினதுலயிருந்து எங்க போனாலும் தாழ்ப்பாளைத் தடவித் தடவிப் பாக்கறார். துருவா இருக்கு, துருவா இருக்குன்னுட்டு."

"எப்ப மாட்டுவானாம்?"

"கேட்டேனே. நாளைக்கு உங்களுக்குத் தேவைப்படாதும்மாங்கிறான்." அம்மாள் சிரித்தார். "அவனுக்கும் கிண்டல் வரும்போல."

கண்ணாடிக்கடைக்காரர் அளவுப்பெட்டியை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார்.

"அம்மா, நேத்து சாப்பாட்டுல ஏதாவது குறை சொன்னீங்களா?"

"நான் சொல்லலை. இவர்தான், சூப்புல உப்புன்னு... ஏன் கேக்கறீங்க?"

அவர் சொன்னார். இத்தனை காலமாகச் சுமந்துகொண்டு திரிந்த வாக்கியத்தை, அக்கா சொன்னது சொன்னபடி, ஒரு எழுத்து மாறாமல் சொன்னார். மூச்சு விடுகிற நேரத்தில் முடிந்துவிட்டது.

அம்மாளின் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோய், மெல்ல மெல்ல இறங்கிற்று. யார் தரப்பு என்று அவர் கேட்கவில்லை.

"நீங்க அந்தப் பொண்ணோட தம்பியா?"

"ஆமாம்மா. நீங்க இப்பவே கிளம்பி யார் வீட்டுக்காவது போயிடுங்க."

"என் தங்கச்சி வீடு இருக்கு." எழுந்துவிட்டார். பெட்டி எடுக்கக்கூட உள்ளே போகவில்லை. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். "இவர்கிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா கேக்கற ஆளில்லை. கல்யாணம் ஆன நாள்லயிருந்து நானும் தரப்பு இல்லை."

கண்ணாடிக்கடைக்காரருக்குச் சொல்ல விருப்பம் இல்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. கேட் கம்பியையும் நீலப்பூக் கோப்பைகளையும் அவர் மறக்கவில்லை. ஆனாலும் அக்கா வளர்த்த பிள்ளை. தலைமை நீதிபதி கொட்டாவி விட்டுக்கொண்டு வந்து நாற்காலியில் சாய்ந்ததும் சொல்லத் தொடங்கினார்.

"ஐயா, நான் அந்தக் கொலை வழக்குல—"

"தீர்ப்பு முடிஞ்ச வழக்கைப் பத்தி என் வீட்ல பேசக் கூடாது. அளவெடும்."

அளவெடுத்தார். மூக்குத்தண்டின் அகலம், காது வரை நீளம். புதுச் சட்டத்தைச் சூடுபண்ணி வளைத்துப் பொருத்தினார்.

"ஐயா, உங்க வீட்டுத் தாழ்ப்பாள்—"

"நீர் யாரு?"

"கண்ணாடிக்கடை."

"அப்ப கண்ணாடியைப் பத்தி மட்டும் பேசும். யார் எதைப் பேசலாம்ங்கிறதுக்கு ஒரு முறை இருக்கு. அதை உண்டாக்கினவங்களே நாங்கதான்."

மூன்றாம் முறை சொல்ல வாயெடுத்தார். அப்போது அந்த நடவடிக்கைக் குறிப்பின் வரி ஞாபகம் வந்தது. ஒரு சத்தம் எழுந்தது, அது அடக்கப்பட்டது. நீதிமன்றத்தின் கட்டளைக்கு அவர் கீழ்ப்படிந்தார். மனப்பூர்வமாகக் கீழ்ப்படிந்தது அதுவே முதல் தடவை.

"நல்லாத் தெரியுதுங்களா?"

"பிரமாதம். எல்லாம் துல்லியமா இருக்கு."

"புது லென்ஸ். கண்ணுக்கு ஓய்வு கொடுக்கணும். இன்னிக்கு ராத்திரி சீக்கிரமாப் படுத்துடுங்க."

பின்கட்டு வழியாக வெளியே போகையில் பொறுமை குனிந்து டப்பாவில் தாழ்ப்பாள்களைக் குச்சியால் புரட்டிக்கொண்டிருந்தான்.

"வாங்க தம்பி. சாப்பிட்டீங்களா? இளைச்சுட்டீங்களே."

"வேண்டாம்."

"ஐயாகிட்ட ஏதோ பேசிக்கிட்டிருந்தீங்க போல."

"சொன்னேன். எனக்குப் பேச உரிமை இல்லையாம்."

"தெரியும் தம்பி" என்று பொறுமை தலையை ஆட்டினான். "கோர்ட்டுல நானும்தானே இருந்தேன்."

அம்மாள் தங்கை வீட்டிலிருந்து போலீசுக்குப் போன் செய்தார். தலைமை நீதிபதியின் வீட்டுக்குள் போலீஸ் நுழைய அவருடைய எழுத்துமூல அனுமதி வேண்டும் என்றார்கள். அனுமதி கேட்டு அனுப்பிய காகிதம் மறுநாள் காலையில் அவர் மேஜைமேல் கையெழுத்தில்லாமல் கிடந்தது. பக்கத்தில் புதுக் கண்ணாடி மடித்து வைத்திருந்தது. சாப்பாட்டு மேஜையில் இரண்டு தட்டுகள் இருந்தன. முட்டை வெந்துகொண்டிருந்தது.

நகரமே மூன்று நாள் கறுப்புப் பட்டை குத்திக்கொண்டது. அவருக்காக அழுதவர்கள் முகத்தைப் பற்றி உத்தரவு எதுவும் போடவில்லை. எல்லா நீதிபதிகளும் மூக்கை உறிஞ்சினார்கள். கண்ணாடிக்கடைக்காரரும் சாவுக்குப் போய், பேங்க்கில் டோக்கன் வாங்கினவர்போல நின்றுவிட்டு வந்தார். அன்றிரவு நன்றாகச் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று மனைவி கேட்டதற்குப் போடு என்றார். அவர் அப்படிச் சொல்லி வெகுகாலமாகியிருந்தது.

இந்தத் தடவை கீழ்க்கோர்ட்டு அவரைச் சாட்சியாகக் கூப்பிட்டது. வாக்கியத்தைச் சொன்னார். அம்மாளும் சொன்னார். இரண்டிலும் பொறுமையின் பதில் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகப் பதிவாயிற்று. ஆயுள் முழுக்கச் சிறை என்றார்கள். பொறுமை மேல்முறையீடு செய்தான்.

அதே உயரமான அறை. தலையை அசைத்தே மேலே வந்த வலதுபக்க நீதிபதி இப்போது நடு நாற்காலியில் இருந்தார். உருக்கம் கைக்குட்டையை விரித்து வைத்துவிட்டு, மறைந்த தலைமை நீதிபதியின் தீர்ப்பைத் திறந்தார்.

"'இனி எந்த நீதிமன்றமும் இச்செயலை ஒரு வேலையாளுக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாகாது.' இதை எழுதியவர் யார், கனம் நீதிபதிகளே? எந்த மாமனிதரை இழந்து நாம் வாடுகிறோமோ, அவரே." கைக்குட்டை நனைந்தது. பிறகு கண்ணாடிக்கடைக்காரர் கையெழுத்திட்ட நற்சான்றையும் வாசித்தார். திருடமாட்டார், குடிக்கமாட்டார், நேரம் தவறமாட்டார்.

புதுத் தலைமை நீதிபதி இரண்டு பக்கமும் பார்த்தார். அசைக்க வேண்டிய திசையைக் காட்ட இப்போது யாரும் இல்லாததால் கொஞ்சம் தடுமாறினார். பிறகு தெளிந்தார்.

"சாட்சிகள் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இது நம் தலைவர் வகுத்த விதி. அவருடைய கொலை வழக்கிலேயே அதை மீறுவது அவருக்கு நாம் செய்யும் அவமரியாதை. அவர் ஆன்மா நம்மை மன்னிக்காது." இடதுபக்க நீதிபதி விழித்து, எந்த மாதிரியான துரு என்று கேட்டார்.

தண்டனை குறைந்தது. மிச்சத்தைக் கழிக்க மதிப்புக்குரிய குடும்பம் ஒன்று வேண்டும் என்ற பேச்சு வந்தது. மறைந்தவருக்குச் செய்யும் அஞ்சலியாக அந்தப் பொறுப்பைத் தாமே ஏற்பதாகப் புதுத் தலைவர் அறிவித்தார். அன்றைக்கு அந்த வீட்டில் குடித்த டீயின் ருசி இன்னும் நாக்கில் இருப்பதாகவும் சொன்னார். கூண்டுக்குள் பொறுமை எழுந்து தலையாட்டினான்.

எல்லாம் முடிந்து நாற்காலி இழுக்கிறவர்கள் தயாரானபோது, புதுத் தலைவரின் பார்வை கடைசி வரிசையில் போய் நின்றது. அவருக்கு அன்று மனம் இளகியிருந்தது.

"அங்கே அந்த நபர் எல்லா விசாரணைக்கும் வருகிறார். இந்த நீதிமன்றம் இரக்கமற்றதல்ல. நீர் ஏதாவது சொல்ல விரும்பினால் இப்போது சொல்லலாம்."

டவாலி மூச்சைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடிக்கடைக்காரர் எழுந்தார். முகம் அமைதியாக இருந்தது. புதுத் தலைவரின் மூக்குக்கண்ணாடி இடதுபக்கம் சரிந்திருந்ததைச் சற்று நேரம் பார்த்தார்.

"நான் தரப்பு இல்லைங்க ஐயா. வழக்கைப் பத்தி எனக்குச் சொல்ல ஒண்ணுமில்லை. உங்க கண்ணாடி மட்டும் கொஞ்சம் தளர்ந்திருக்கு. ஆள் அனுப்புங்க, வீட்டுக்கே வந்து சரி பண்ணித் தரேன்."